ஒன்றரை மணிக் குரல்

அந்த நாற்காலி வேண்டாம் மேடம், இப்படி வாங்க. அதுக்கு ஒரு கால் ஆடும். உள்ள ரெக்கார்டிங் ஓடறப்ப கிரீச்சுன்னு சத்தம் வந்துச்சுன்னா எட்வின் சார் கதவைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பார். அவர்தான் இங்க டப்பிங் இன்சார்ஜ். திட்ட மாட்டார், பார்வை மட்டும்தான். போன மாசம் ஒரு பொண்ணு அந்தப் பார்வையை வாங்கிக்கிட்டு அப்படியே மாடியிறங்கிப் போயிடுச்சு. பையை மடியில வச்சுக்காதீங்க, ஜிப்பு சத்தம் போடும். கீழ வைங்க. இங்க யாரும் எடுக்க மாட்டாங்க, எல்லாரும் வாயை வச்சுப் பொழைக்கறவங்க.

வாய்ஸ் டெஸ்டுக்குத்தானே வந்திருக்கீங்க? தண்ணி பாட்டிலை அணைச்சுப் பிடிச்சிருக்கறதுலயே தெரியுது. நானும் அதுக்குத்தான்னு வச்சுக்குங்களேன். ஆனா எனக்கு டெஸ்டுன்னு சொல்லக்கூடாது. சேனல்காரங்க ஒரு சம்பிரதாயத்துக்குக் கேட்டுப் பார்க்கணும்னாங்களாம். பதினேழு வருஷமா மைக் முன்னாடி நிக்கறவளை என்னத்தைக் கேட்டுப் பார்க்கறது? சரி போகட்டும்னு பெரிய மனசு பண்ணி வந்திருக்கேன். பதினோரு மணிக்கு வரச் சொன்னாங்க. இப்ப ஒண்ணு தாண்டியாச்சு. காத்திருக்கக் கத்துக்குங்க, இந்தத் தொழில்ல பேசறதைவிட அதுதான் அதிகம்.

என்னடா இந்தம்மா டெஸ்டை வச்சுக்கிட்டு இப்படிப் பேசறாங்களேன்னு நினைக்காதீங்க. இது பேச்சு இல்ல, குரலைச் சூடு பண்றது. உள்ள போறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது விடாம பேசணும், கூப்பிடப் போறாங்கன்னு தெரிஞ்சதும் வாயை மூடிக்கணும். அதுக்கு முன்பின் தெரியாதவங்கதான் நல்லது. தெரிஞ்சவங்கன்னா அவங்களும் பேசுவாங்க. நாம பதில் சொல்லணும், அப்புறம் வாக்குவாதம் வரும், தொண்டை கெட்டுப்போகும். நீங்க தலையாட்டினா போதும்.

என் பேரு வசுமதி. நீங்க? தமயந்தியா. விழுப்புரமா? அங்கேயிருந்து காலையிலயே ரயில் ஏறி வந்தீங்களா. பரவாயில்லையே. என் வயசுதான் இருக்கும் போல உங்களுக்கும். என்ன வேலை பார்க்கறீங்க? ஜவுளிக்கடையில மைக்ல அறிவிப்பா? "வெள்ளை நிற கார் உரிமையாளர் உடனடியாக வாசலுக்கு வரவும்", அதானே? நல்ல வேலைதான். ஆனா ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்காதீங்க. அது அறிவிப்பு, இது நடிப்பு. கார்க்காரன் பதறிக்கிட்டு வந்துருவான். சீரியல் பார்க்கறவங்க அப்படி வர மாட்டாங்க. எங்க, ஏதாவது ஒரு வார்த்தை பேசுங்க பார்ப்போம். ம். குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா வீட்டுக் குரல். பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு. மைக்குக்கு அது போதாது. முகத்தைச் சுருக்காதீங்க, எல்லாரும் ஆரம்பத்துல அப்படித்தான்.

வளையலைக் கழட்டிடுங்க. கண்ணாடி வளையல்னா கை அசையறப்பல்லாம் மைக் பிடிச்சுக்கும். புடவை பருத்திதானே? நல்லவேளை. பட்டு கட்டிக்கிட்டு வராதீங்க, மூச்சு விட்டாலே சரசரங்கும். நான் முதல் தடவை பட்டுப் புடவையில வந்தப்ப, பக்கத்து வீட்டு எலி உள்ள வந்துடுச்சோன்னு எட்வின் சார் ஆளை விட்டுத் தேடச் சொன்னார். சாப்பிட்டீங்களா? வெறும் வயித்தோட உள்ள போகாதீங்க. வயிறு கத்தறதையும் மைக் பிடிக்கும். ஒரு தடவை செத்துப்போன அம்மாவைக் கட்டிப் பிடிச்சு அழற சீன்ல என் வயிறு பேசிடுச்சு. மறுபடி அழ வேண்டியதாப் போச்சு. ரெண்டு இட்லி போதும். தயிர் வேண்டாம், கோழை கட்டும். பேப்பர்ல வசனம் குடுப்பாங்க, அடுத்த பக்கத்தைப் புரட்டாதீங்க, மெல்லத் தூக்கிப் பின்னாடி வைங்க. 'ப' எழுத்து வர்ற இடத்துல மூஞ்சியைக் கொஞ்சம் திருப்பிக்குங்க, இல்லன்னா மைக்ல குப்புனு காத்தடிக்கும். ஸ்வீட் கடை விளம்பரம்னா சிரிச்சுக்கிட்டே பேசணும். பார்க்க யாரும் இல்லாட்டாலும் சிரிக்கணும், அது குரல்ல தெரியும். நகைக்கடைன்னா சிரிப்பு வேண்டாம், கொஞ்சம் பெருமூச்சு வேணும்.

ஆனா சீரியலுக்கு வேற. அதுல முக்கியமானது ஒண்ணே ஒண்ணு. உதட்டைப் பாருங்க. நடிக்கற பொண்ணு திரையில இந்தியில பேசிக்கிட்டிருப்பா, அதுக்கு மேல நாம தமிழ்ல பேசணும். அவ உதடு எப்ப திறக்குது, எப்ப மூடுது, அதை மட்டும் பாருங்க. புதுசா வர்றவங்க எல்லாரும் கண்ணைப் பார்க்கறாங்க. கண்ணைப் பார்த்தா அவ அழறாளா, பயப்படறாளான்னு யோசிக்க ஆரம்பிச்சுருவோம், அதுக்குள்ள உதடு பாதி வசனம் போயிருக்கும். கண்ணு நமக்குத் தேவையில்ல. பதினேழு வருஷமா நான் யார் கண்ணையும் பார்த்ததில்ல. கடைக்காரன், டாக்டர், என் வீட்டுக்காரர், யார் பேசினாலும் நேரா உதட்டுக்குத்தான் போகும் பார்வை. அதான் தொழில் பக்தி.

இன்னொண்ணு, இதுதான் யாரும் உங்களுக்குச் சொல்லித்தர மாட்டாங்க. வீட்ல பேசாதீங்க.

சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். குரல்ங்கறது தண்ணித் தொட்டி மாதிரி. வீட்டுக் குழாயில திறந்து விட்டுட்டா இங்க வந்து எதைப் பேசறது? இங்கேயிருந்து போறப்பவே என் தொண்டை கரகரன்னு ஆயிடும். அதோட உக்காந்து காய்கறி விலையும் மாமியார் கதையும் பேசினா மறுநாள் என்ன மிச்சம் இருக்கும்? அதனால நான் வீட்ல ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டேன். சமையல் மேடையில டம்ளரை ஒரு தட்டு தட்டினா காபி ரெடி. ரெண்டு தட்டினா சாப்பாடு. விடாம தட்டினா கேஸ் தீர்ந்து போச்சு. எங்க வீட்டுக்காரர் ரெண்டே வாரத்துல பழகிட்டார். நல்ல மனுஷன். ஆரம்பத்துல அவர் பாட்டுக்கு ஏதாவது சொல்லிக்கிட்டிருப்பார், கடையில இன்னார் வந்தாங்க, இப்படி ஒரு வேடிக்கை நடந்துச்சுன்னு. நான் தலையாட்டுவேன். அப்புறம் அவரும் குறைச்சுக்கிட்டார். அவருக்கும் தொண்டைக்கு நல்லதுதானே. பையன் ஹோசூர்ல வேலை பார்க்கறான். ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான். அவர் பேசுவார், நான் பக்கத்துல நின்னு தலையாட்டுவேன். "அம்மா தலையாட்டறா"ன்னு அவர் சொல்லிருவார். ஒரு குறையும் இல்ல.

சுத்தமா பேச மாட்டேன்னு இல்ல. அவசியம்னா பேசுவேன். கரண்ட் பில் கட்டியாச்சா, பால்காரர் வந்தாரா, இப்படி. முனகலா சொல்லிருவேன்.

அவருக்கு போட்டோ ஃபிரேம் போடற கடை. கண்ணாடி அறுக்கறது, சாமி படத்துக்குச் சட்டம் போடறது, கல்யாண போட்டோ, இறந்தவங்க போட்டோ. வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான். மத்தியானம் ஒன்றரைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போவார். நான் அந்நேரம் இங்க இருப்பேன். ஹாட்பேக்ல எல்லாம் எடுத்து வச்சுட்டு வந்துருவேன். அவர் டிவியைப் போட்டுக்கிட்டுச் சாப்பிடுவார். ஒன்றரைக்கு என்ன போடறாங்கன்னு தெரியுமா? நம்ம சீரியல்தான். நீங்க இன்னிக்கு எதுக்கு வந்திருக்கீங்களோ அதேதான். அந்தத் தாரிணி கேரக்டர். நாலு வருஷம் அவளுக்கு நான்தான் பேசினேன். எனக்கு அதுல ஒரு பெருமை. என் புருஷன் தினமும் நான் பேசறதைக் கேட்டுக்கிட்டேதான் சாப்பிட்டார். எத்தனை வீட்ல அப்படி நடக்கும், சொல்லுங்க.

தாரிணி தெரியும்ல? பார்த்திருக்கீங்களா? மருமக. மாமியார் படுத்தற பாடு தாங்காது, ஆனா புருஷன்மேல உசிரு. அவன் ஆபீஸ்லேருந்து வந்ததும் தட்டை வச்சுக்கிட்டு நிப்பா. தினம் ஒரு தடவையாவது கேப்பா, "என்னங்க, சாப்பிட்டீங்களா? முகமே வாடியிருக்கு." இந்தியில அவ வேற ஏதோ நீளமா பேசறா. நமக்கு "சாப்பிட்டீங்களா"ன்னா சீக்கிரம் முடிஞ்சு போகுது, அவ உதடு இன்னும் அசைஞ்சுக்கிட்டிருக்கு. அதான் "முகமே வாடியிருக்கு"ன்னு நான் சேர்த்தேன். அது எழுதிக் குடுத்ததில்ல, என் சொந்தச் சரக்கு. எட்வின் சாரே பாராட்டினார். இன்னிக்கு டெஸ்டுலயும் அந்த வசனம்தான் குடுப்பாங்க.

எங்க, நீங்க சொல்லுங்க. ம்ஹும். வெள்ளை கார்க்காரனைக் கூப்பிடற மாதிரி இருக்கு. "என்னங்க"வை இழுக்கணும். அப்புறம் ஒரு மூச்சு. "சாப்பிட்டீங்களா"ல கடைசியில மேல தூக்கணும். மறுபடி. பரவாயில்ல. இன்னொரு தடவை. ம், இப்ப கொஞ்சம் தேவலை. என்கிட்ட போட்டிக்கு வந்துட்டு என்கிட்டயே கத்துக்கறீங்க பாருங்க. எனக்கு அந்தப் பொறாமையெல்லாம் கிடையாது.

இல்ல, பொய் சொல்லக்கூடாது. பொறாமை உண்டு. உங்க மேல இல்ல, அந்த நிரஞ்சனா மேல.

நடந்தது இதுதான். மூணு மாசத்துக்கு முன்னாடி எனக்கு லேசா தொண்டை கட்டிச்சு. லேசாத்தான். நான் முழு ஓய்வு எடுத்துக்கிட்டேன். முழு ஓய்வுன்னா போன்கூட எடுக்கக்கூடாது. எட்வின் சார் கூப்பிட்டுக்கிட்டே இருந்தார். நான் எடுக்கல. எடுத்தா பேசணுமே. மெசேஜ் போட்டேன், அவர் மெசேஜ் படிக்கற ஆள் இல்ல. வீட்டுக்காரரை எடுத்துப் பேசச் சொல்லியிருக்கலாம், ஆனா அதை அவருக்கு டம்ளரால சொல்ல முடியல. ரெண்டு நாள் வேலை நிக்கக்கூடாதுன்னு எட்வின் சார் ஒரு பொண்ணைப் பிடிச்சுப் பேச வச்சுட்டார். நிரஞ்சனா. நேத்து வரைக்கும் விளம்பரத்துல குழந்தைக் குரல் குடுத்துக்கிட்டிருந்தது. சரி, ரெண்டு நாள்தானேன்னு நினைச்சேன். நாலு வருஷம் கேட்ட குரல் மாறினா ஜனங்க விட்டுருவாங்களா, சேனலுக்குப் போன் மேல போன் வரும், என்னைக் கையோட கூட்டிக்கிட்டுப் போவாங்கன்னு வீட்ல தலை சீவிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ஒரு போன் வரல மேடம். தமிழ்நாடு முழுக்க ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கல. எட்வின் சார் சேனல்ல கேட்டதுக்கு, "அப்படியா, மாத்தினீங்களா?"ன்னாங்களாம். அப்ப அந்தப் பொண்ணே பேசட்டும்னுட்டாங்க.

எனக்கு வயிறு எரிஞ்சுது. ஆனா ஒரு தைரியம் இருந்துச்சு. ஊர் கண்டுபிடிக்கலைன்னா போகட்டும். வீட்ல ஒருத்தர் இருக்காரே. நாலு வருஷம் சோத்தோட சேர்த்து என் குரலைச் சாப்பிட்டவர். அவர் கண்டுபிடிச்சுருவார்னு இருந்தேன்.

ஓய்வு முடியற வரைக்கும் உள் அறையிலயே படுத்திருந்தேன், சேனல் அப்படிச் சொன்ன மறுநாள்தான் முதல் தடவையா ஒன்றரை மணிக்கு எழுந்து வெளிய வந்தேன். அவர் வந்தார், கை கழுவினார், தட்டைப் போட்டுக்கிட்டு டிவி முன்னாடி உக்காந்தார். நான் சமையல்கட்டு வாசல்ல நின்னு அவரையே பார்க்கறேன். சீரியல் ஆரம்பிச்சுது. அந்தப் பொண்ணு பேசுது. என் தாரிணிக்கு அந்தப் பொண்ணு பேசுது. "என்னங்க, சாப்பிட்டீங்களா? முகமே வாடியிருக்கு." நான் சேர்த்த வசனம் மேடம், அதைக்கூட விடாம எடுத்துக்கிச்சு. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். இப்ப திரும்புவார், "வசு, இது நீ இல்லையே"ம்பார்னு.

அவர் ஒரு வாய் சோத்தை முழுங்கிட்டு டிவியைப் பார்த்து, "சாப்பிட்டுக்கிட்டே இருக்கேம்மா"ன்னார்.

ஆமா. டிவிக்குப் பதில் சொல்றார். தாரிணியோட புருஷன் திரையில என்னமோ சொல்றான், இவர் அதுக்கு முன்னாடியே சொல்லிட்டார். அப்புறம் அவ "இன்னிக்கு வேலை அதிகமா?"ன்னு கேக்கறா, இவர், "அதிகம்தான், முகூர்த்த நாள் பாரு"ங்கறார். நான் அவர் உதட்டைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன், சந்தேகமே இல்ல. அழகா, சரியான இடத்துல திறந்து சரியான இடத்துல மூடுது. சொன்னா நம்ப மாட்டீங்க, டப்பிங்குக்கு வந்திருந்தார்னா பெரிய ஆளா ஆகியிருப்பார்.

எவ்வளவு நாளா இப்படின்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் பேசினப்பவும் பதில் சொல்லியிருப்பார்னுதான் நினைக்கறேன். நாலு வருஷம் எனக்குத்தான் சொல்லியிருக்கார். நான்தான் இங்க இருந்துட்டேன்.

ஆனா இப்ப அவளுக்குச் சொல்றாரே. அதுதான் எனக்குத் தாங்கல. நேத்து வந்த பொண்ணு, அவளை அம்மாங்கறார். என்னை வசுன்னுதான் கூப்பிடுவார், அம்மான்னு ஒரு நாள் கூப்பிட்டதில்ல. நான் உடனே ஒரு முடிவுக்கு வந்தேன். காதுல கோளாறு. கண்ணாடி அறுக்கற சத்தத்துல காது போயிருக்கும். மறுநாளே டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனேன். அவர் ஹெட்போன் மாட்டி என்னென்னமோ சத்தம் விட்டுப் பார்த்துட்டு, "காது பிரமாதமா கேக்குது, உங்க வயசுல இப்படி யாருக்கும் இல்ல"ன்னுட்டார். வர்ற வழியில எங்க வீட்டுக்காரர் ஆட்டோவில, "எதுக்கு வசு காதை டெஸ்ட் பண்ணே?"ன்னு கேட்டார். பதில் சொல்லணும்னா நிறைய பேசணும். நான் சும்மா தலையாட்டினேன்.

அப்புறம் நானே ஒரு டெஸ்டு வச்சேன். இது ஒரு மாசம் முன்னாடி. அவர் சாப்பிட உக்காந்துட்டார், டிவி இன்னும் போடல. நான் சமையல்கட்டுக்குள்ள மறைவா நின்னுக்கிட்டு, தாரிணிக்குப் பேசற அதே குரல்ல, அதே இழுப்போட, "என்னங்க, சாப்பிட்டீங்களா? முகமே வாடியிருக்கு"ன்னேன். வீட்ல நான் அந்தக் குரலை எடுத்ததே இல்ல, அன்னிக்குத்தான் முதல்.

அவர் டிவி பக்கம் திரும்பி, "இப்பத்தாம்மா உக்காந்தேன்"ன்னார்.

டிவி கறுப்பா இருக்கு. அதைப் பார்த்துச் சொல்றார். சொல்லிட்டு ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம் எழுந்து ரிமோட்டை எடுத்து அமுக்கி அமுக்கிப் பார்த்தார், பின்னாடி போய் வயரையும் ஆட்டிப் பார்த்தார். சமையல்கட்டுப் பக்கம் மட்டும் திரும்பல.

நீங்க ஏன் இப்படிப் பார்க்கறீங்க? இதுல வருத்தப்பட ஒண்ணுமில்ல மேடம், யோசிச்சுப் பாருங்க. இதைவிட ஒரு விருது உண்டா? குரல் நம்மகிட்டேயிருந்து வருதுன்னே தெரியக்கூடாது, திரையிலேருந்துதான் வரணும். அதுதான் இந்தத் தொழில். பக்கத்து அறையில நின்னு பேசினாக்கூட என் குரல் அணைஞ்சு கிடக்கற டிவியிலேருந்து வந்திருக்கு. அந்த நிரஞ்சனாவால முடியுமா? நான் வெளிய வரல. வந்தா அவர் சங்கடப்படுவார். அன்னிக்கு ராத்திரி ரசத்துல ரெண்டு தடவை உப்புப் போட்டுட்டேன், அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் வீட்ல அந்தக் குரலை எடுக்கல. எடுத்து என்ன பண்றது.

இப்ப நிரஞ்சனாவுக்குக் கல்யாணம் ஆகி துபாய் போகுதாம். அதான் மறுபடி ஆள் தேடறாங்க. எட்வின் சார் போன் பண்ணினப்ப முதல் மணியிலேயே எடுத்துட்டேன். எனக்கு இந்த கேரக்டர் வேணும் மேடம். வேற சீரியல் வருது, விளம்பரம் வருது, ஆஸ்பத்திரி லிஃப்டுல "கதவுகள் மூடுகின்றன"ன்னு சொல்றதுகூட நான்தான். அதெல்லாம் எனக்குப் பெருசில்ல. ஒன்றரை மணிக்கு என் வீட்டுக்குள்ள இன்னொருத்தி இருக்கா. அவ இடத்துல நான் போய் உக்காரணும். அவர் பதில் சொன்னா எனக்குத்தான் சொல்லணும். அவருக்குத் தெரியாட்டா பரவாயில்ல, எனக்குத் தெரிஞ்சா போதும்.

நீங்க சொல்றது புரியுது. வீட்லயே நேராக் கேட்டா என்னன்னுதானே? எல்லாரும் சுலபமா அதைத்தான் சொல்லுவாங்க. வீட்ல கேட்டா தொண்டை போயிடும், தொண்டை போனா இந்த கேரக்டர் போயிடும், கேரக்டர் போனா அவரை யார் கேக்கறது? கணக்கு அப்படி வருது.

உள்ள சிவப்பு விளக்கு அணைஞ்சுது பாருங்க. எட்வின் சார் விரலைக் காட்டறார். அடுத்தது நான், அப்புறம் நீங்க. அஞ்சு நிமிஷம் ஆகும், மைக் மாத்தறாங்க. சரி, சூடு பண்ணினது போதும், இனிமே நான் பேசக்கூடாது. குரலை மூடி வச்சாச்சு. உள்ள போய்த்தான் திறக்கணும். நீங்களும் மூடிக்குங்க.

ஐயோ, என் போன். சைலன்ட்ல போட மறந்துட்டேனே. யாரு... அவர்தான். அவர் எனக்குப் போன் பண்ணவே மாட்டாரே. மணி ஒண்ணு நாப்பது, சீரியல் நேரம் வேற. கட் பண்றேன். மறுபடி அடிக்குது பாருங்க. எட்வின் சார் கண்ணாடி வழியா பார்க்கறார். மேடம், நீங்க எடுங்களேன், புண்ணியமா போகும். நான் இப்ப பேசினா டெஸ்டு கெட்டுப்போகும். வசுமதி உள்ள போகப் போறாங்கன்னு சொல்லுங்க. சாப்பிட்டாரான்னு கேளுங்க, போதும். இந்தாங்க, பச்சையை இழுங்க.

ம். "என்னங்க"ன்னே ஆரம்பிச்சுட்டீங்களா. வாயில பழகிடுச்சு போல. பரவாயில்ல, இழுப்பு சரியா வந்திருக்கு. போன்ல முகம் வாடியிருக்குன்னு சொல்லாதீங்க, தெரியாதே... குரலே வாடியிருக்கா? அது பேப்பர்ல இல்லையே. சரி, பொருந்துது. என்ன சொல்றார்? நீங்க பாட்டுக்கு ம் ம்ங்கறீங்க. "சாப்பிட்டேன்"னோ "இன்னும் இல்ல"ன்னோ சொல்லுவார், அதுக்கு எதுக்கு இவ்வளவு நேரம்? இன்னும் பேசறாரா? இவர் இவ்வளவு பேசுவாரா?

வச்சுட்டாரா? என்னவாம்?

கரண்ட் இல்லையா. எங்க தெருவுலயா. டிவி ஓடலையாம். அதுக்கு நான் என்ன செய்யறது, நான் என்ன மின்சார வாரியமா? ஏன் சாப்பிடல? ஹாட்பேக்ல வச்சிருக்கேனே. தட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரா? கேக்கறதுக்கு... என்ன சொன்னார்? கேக்கறதுக்கு ஆள் இல்லாம சோறு இறங்கலைன்னாரா?

கையா? எந்தக் கை? கண்ணாடி அறுக்கறப்பவா? திங்கக்கிழமையா? இன்னிக்கு வெள்ளிக்கிழமை மேடம். தையல் போட்டிருக்காங்களா. காலையில காபி டம்ளரை என் கையிலேருந்துதானே வாங்கினார். எந்தக் கையால வாங்கினார்? நான் பார்க்கலையே. கட்டுப் போட்டிருந்தா தெரிஞ்சிருக்குமே. தெரியலையே.

இதையெல்லாம் உங்ககிட்ட எதுக்குச் சொன்னார்? நீங்க யாருன்னு சொல்லலையா? சொல்ல விடலையா. சரி, நீங்க சொல்ல வேண்டாம், அவரா கேக்கலையா, யாரு பேசறதுன்னு?

கேக்கவே இல்லையா.

போனைக் குடுங்க. இருக்கட்டும், டெஸ்டு கெட்டா கெடட்டும். எட்வின் சார், ஒரே நிமிஷம், இதோ வந்துட்டேன். ரிங் போகுது.

ஹலோ. என்னங்க. நான்தான். கையில என்ன ஆச்சு? நான்தாங்க. கை... எப்படி ஆச்சு? ஹலோ? நான்தான் பேசறேன். இல்லங்க, நான்... கேக்குதா?

யாரு பேசறதுங்கறார்.

வசு போன்ல நீங்க ஏன் பேசறீங்க, இப்பப் பேசிக்கிட்டிருந்தாளே, அவகிட்ட குடுங்கங்கறார்.

இந்தாங்க மேடம், வாங்குங்க. சாப்பிடச் சொல்லுங்க.